பொன்னாங்குளத்து மாலை நடை

இந்த நடைக்குக் கனமான பூட்ஸ் தேவையில்லை. நீங்கள் போட்டிருப்பது அணிவகுப்புக்குச் சரி. குளக்கரைக்குச் சாதாரண ரப்பர் செருப்பே போதும். கரை அகலமானது. மேடு பள்ளம் கிடையாது. மூட்டுவலிக்காரர்கள்கூட என்னோடு நடந்திருக்கிறார்கள். பங்களா வாசலில் தொடங்கி, மதகைத் தாண்டி, தென்னந்தோப்பு தெரியும் வளைவு வரை போய்த் திரும்பினால் ஒரு மாலை இதமாகக் கழிந்துவிடும். வெயில் நம் முதுகில் விழும்படி நடக்க வேண்டும், அவ்வளவுதான். அப்போதுதான் பறவைகளின் நிறம் சரியாகத் தெரியும்.

நீங்கள் பறவை பார்க்க வரவில்லை, எனக்குத் தெரியும் இன்ஸ்பெக்டர் அம்மா. ராக்கையா இறந்த இடத்தையும், நான் மதகைத் திறந்த இடத்தையும் காட்டச் சொல்லி அழைத்து வந்திருக்கிறீர்கள். காட்டுகிறேன். வழியில்தான் இருக்கிறது.

உங்கள் காகிதத்தில் கவனக்குறைவால் நேர்ந்த மரணம் என்று இருக்கிறது. அறுபதைத் தாண்டிய விதவை, பழைய குடும்பம், குளத்து மதகைத் திறந்தாள், கீழே லைன் வீட்டில் ஆள் தூங்குவதைக் கவனிக்கவில்லை. என் தம்பி திருமூர்த்தி ஏற்பாடு செய்த வக்கீலுக்கு இந்த வார்த்தை மிகவும் பிடித்துவிட்டது. "அம்மா, நீங்க வாயே தொறக்காதீங்க. கவனிக்கலைன்னு ஒரே வார்த்தை போதுமுங்க. மத்ததை நான் பாத்துக்கறனுங்க" என்றார்.

எனக்கு அந்த வார்த்தை பிடிக்கவில்லை. அதனால்தான் வாயைத் திறக்கிறேன்.

இதுதான் பங்களா. ஊரார் அரமனை என்பார்கள். எங்கள் முன்னோர் கட்டியது. முகப்புத் தூண்களைப் படம் எடுக்கக் கல்யாண ஜோடிகள் வருவதுண்டு. நான் அனுமதிப்பதில்லை, பளீரென்று விளக்கடித்து நாரைகளைக் கிளப்பிவிடுவார்கள். சொத்துப் பிரிவினையில் தம்பிக்கு நிலமெல்லாம் போனது. எனக்கு இந்த வீடும், குளத்து மதகின் கைப்பிடியும் வந்தன. சிரிக்காதீர்கள், பத்திரத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் முதல் தண்ணீரைத் திறந்துவிடுவது எங்கள் வீட்டுப் பெண்களின் உரிமை. இரும்புத் திருகின் தலையில் கைப்பிடியைப் பொருத்திச் சுற்றினால் உள்ளே அடைப்புப் பலகை எழும்பும். கைப்பிடி எங்களிடம்தான் இருக்கும். வேறு யாருடைய கையும் அதில் பட்டதில்லை. தண்ணீருக்காக வயல்காரர்கள் வாசலில் வந்து நிற்பார்கள். எங்கள் வீட்டுப் பெண் எழுந்து வரும்வரை நிற்பார்கள்.

இப்போது வயல் இல்லை. வயலெல்லாம் பனியன் கம்பெனி, குடோன், சாயம் காயப்போடும் கூரை. யாரும் வாசலில் வந்து நிற்பதில்லை. உடுமலைப்பேட்டையில் வாழ்க்கைப்பட்டு, கணவர் காலமான பிறகு நான் இங்கே திரும்பி வந்தபோது கைப்பிடி சமையலறை ஆணியில் கரண்டிகளோடு தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து எனக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. யார்மேல் என்று அன்று தெரியவில்லை.

இந்த வாசற்படி உயரமானது, பார்த்து வாருங்கள். இனி கரை.

பறவைகளை நான் தேடிப் போகவில்லை. வீடு திரும்பிய முதல் குளிர்காலத்தில் பேச்சுத்துணை இல்லாமல் மாலைகளில் இந்தக் கரையில் நடந்தேன். ஒரு மஞ்சள்மூக்கு நாரை சேற்றில் காலைத் துழாவிக்கொண்டே என்னோடு நடந்தது. நான் நின்றால் அதுவும் நின்றது. அன்றுதான் முதல்முறையாக ஓர் உயிரை, அதனிடமிருந்து எதையும் எதிர்பார்க்காமல் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று நினைக்கிறேன். கணவரை அப்படிப் பார்த்ததில்லை. தம்பியை அப்படிப் பார்க்க முடியாது. பிறகு புத்தகம் வாங்கினேன், பைனாகுலர் வாங்கினேன். திருப்பூரிலிருந்து ஒருவர் இருவராக வந்தார்கள். கீர்த்தனா என்ற கல்லூரிப் பெண் என்னைப் பற்றிக் கைப்பேசியில் நாலு பேருக்குச் சொல்ல, ஞாயிறுதோறும் ஒரு குழு சேர்ந்தது. குளத்தம்மா என்று என்னைக் கூப்பிட்டார்கள். அதற்கு முன்னால் நான் அரமனைப் பெண், உடுமலைக்காரர் சம்சாரம், திருமூர்த்தியின் அக்கா. அறுபது வயதில் எனக்கே எனக்கென்று ஒரு பெயர் கிடைத்தது.

என் தம்பிக்கு அது வேடிக்கையாக இருந்தது. கரையில் காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்குவான்.

"ஏனுங்க்கா, கொக்கைப் பாக்கறதுக்கா இத்தன பேரு பெட்ரோல் போட்டுட்டு வாராங்க? பல்லடத்துல நம்ம மாமன் கோழிப்பண்ணைக்குக் கூட்டிட்டுப் போங்க. லச்சம் பறவை ஒரே எடத்துல நிக்கும். பைனாகுலரே வேண்டியதில்லீங்க."

வந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவன் அப்படித்தான். தண்ணீர் வராத வாய்க்கால் எதற்கு என்று மதகுக்குக் கீழே வாய்க்காலுக்குள்ளேயே லைன் வீடு கட்டியவன் அவன்தான். அதோ, கரைக்குக் கீழே வரிசையாகத் தெரிகிறதே, ஜன்னல் இல்லாத ஐந்து அறைகள், அவைதான். பங்களாவின் மாட்டுக்கொட்டகையில் இருந்த பழைய தேக்குக் கதவுகளைக் கழற்றிக்கொண்டுபோய் அந்த அறைகளுக்கு மாட்டினான். அவற்றுக்குப் பின்னால் அவனுடைய குடோன் மதில். மதகில் தண்ணீர் திறந்தால் அறைகளுக்குள் நுழைந்து, மதிலில் முட்டி, அங்கேயே தேங்கி ஏறும். வெளியேற வழி இல்லை. இதை ஒரு குழந்தை பார்த்தாலும் சொல்லும். அவனை நீங்கள் கைது செய்யவில்லை. குறையாகச் சொல்லவில்லை, கவனித்ததைச் சொல்கிறேன்.

இந்த ஆண்டு ஐப்பசியில் நல்ல மழை. குளம் விளிம்புவரை நிறைந்தது. எல்லோரும் அழகு என்றார்கள். பறவை தெரிந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். நிறைந்த குளத்தில் நாமக்கோழியும் முக்குளிப்பானும் இருக்கும், உள்ளான்கள் வரா. விரல் நீளத்துக் கால்களோடு கடல்களைத் தாண்டி வருகிற பறவைகள் அவை. அவற்றுக்கு நிற்க ஈரச்சேறு வேண்டும். ஒரு சாண் தண்ணீர் குறைந்தால் வளைவுக்கு அருகில் சேறு வெளிப்படும். அந்த ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூரிலிருந்து ஒரு குழு வருவதாக இருந்தது. உள்ளான்களைக் காட்டுகிறேன் என்று நான் வாக்குக் கொடுத்திருந்தேன். நான் கொடுத்த வாக்கு எதையும் தவறவிட்டதில்லை.

வெள்ளிக்கிழமை கைப்பிடியைப் பொருத்திப் பலகையைக் கொஞ்சம் தூக்கினேன். துரு பிடித்திருந்தாலும் சுற்றியது. உள்ளங்கையில் அது திரும்புவதை உணர்ந்தபோது என் உடம்பு முழுவதும் ஒரு நிமிர்வு வந்தது. அதை உங்களுக்கு விளக்க முடியாது. நீங்கள் லத்தி பிடிப்பவர், ஒருவேளை புரியும்.

மறுநாள் மாலை நான் மதகருகில் இருந்தபோது ராக்கையா மேலே ஏறி வந்தான். முழங்காலுக்கு மேலே லுங்கியை மடித்துக் கட்டியிருந்தான், கணுக்காலில் சேறு. தெற்கத்திக்காரன், நிட்டிங் மெஷின் ஓட்டுபவன் என்று தெரியும். பேசியது அதுதான் முதல்முறை.

"அம்மா, நேத்துலருந்து வீட்டுக்குள்ள தண்ணி. பாய் தலையணை எல்லாம் நனைஞ்சு போச்சு. அடைச்சு விடுங்கம்மா."

"வாய்க்கால்ல ஊடு இருந்தாத் தண்ணி வரத்தானுங்க செய்யும்" என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன்.

"கட்டுனது உங்க தம்பிங்கம்மா. நாங்க வாடகைக்கு இருக்கோம்."

"அப்ப அவனைத்தான் கேக்கோணும்."

அவன் குளத்தைப் பார்த்தான். பிறகு என் பைனாகுலரைப் பார்த்தான். "கொக்கு நிக்கிறதுக்கு எடம் பாத்துக் குடுக்குறீக. நாங்க முதுகைச் சாய்க்க எடம் கேட்டா வாய்க்காங்கிறீக. நல்லாத்தேன் இருக்கு."

அப்படிச் சொன்னதற்காக நான் கோபப்படவில்லை. கொஞ்சம் நகைச்சுவை உள்ள பேச்சு. ஆனால் அதற்குப் பிறகு அவன் என்னைத் தள்ளவில்லை, தொடக்கூட இல்லை, சும்மா குனிந்து திருகில் இருந்த கைப்பிடியைப் பிடித்துச் சுற்ற ஆரம்பித்தான். எனக்கு இரண்டு கையும் வலித்த வேலை, அவனுக்கு ஒரு கையால் முடிந்தது. பலகை இறங்கி உட்கார்ந்த சத்தம் கேட்டது. கைப்பிடியைக் கழற்றி, லுங்கியில் துடைத்து, என்னிடம் நீட்டினான்.

"வச்சுக்கங்கம்மா. துருப்பிடிச்சுக் கெடக்கு, கொஞ்சம் கிரீஸ் போடுங்க."

வாங்கிக்கொண்டேன். அது வெதுவெதுப்பாக இருந்தது. வீட்டுக்கு வந்து கழுவினேன். இதை உங்களிடம் ஏன் சொல்கிறேன் என்றால், கழுவினேன் என்பதும் நான் செய்தவற்றில் ஒன்று. புளி போட்டுக் கழுவினேன். கிரீஸும் போட்டேன். அவன் சொன்னது சரியான யோசனை.

இதோ மதகு. இந்தத் திருகுதான். உங்கள் ஆட்கள் படம் எடுத்துக்கொள்ளட்டும், நான் நகர்ந்துகொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை. ஏற்றுமதிச் சரக்கைக் கப்பலேற்றும் அவசரம் என்று பனியன் கம்பெனிகளில் அன்றும் வேலை வைத்திருந்தார்கள். குடோன் மட்டும் மூடியிருந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கைப்பிடியோடு வந்தேன். இங்கே நின்று பைனாகுலரை எடுத்துக் கீழே லைன் வீடுகளைப் பார்த்தேன். ஐந்து கதவு, ஐந்து பூட்டு. கொடியில் துணி இல்லை. அடுப்புப் புகை இல்லை. முதல் நாலு அறைகளிலும் வடக்கத்திப் பையன்கள், பகல் ஷிப்டுக்குப் போய்விட்டார்கள். கடைசி அறை ராக்கையாவுடையது. அதிலும் பூட்டு.

இதை ஸ்டேஷனில் சொன்னபோது உங்கள் முகம் இளகியது. பூட்டுத் தொங்கினால் உள்ளே ஆள் இல்லை என்றுதானே யாரும் நினைப்பார்கள் என்று நீங்களே எனக்காகச் சொன்னீர்கள். வக்கீல் தலையாட்டினார். எழுதுகிறவர் எழுதிக்கொண்டார். என்னை யாரும் அடுத்த கேள்வி கேட்கவில்லை.

பலகையை முழுவதும் தூக்கினேன். கிரீஸ் போட்டிருந்ததால் சுலபமாக எழும்பியது. தண்ணீர் வெளியே விழுந்த வேகத்தில் காலடியில் கல் அதிர்ந்தது. பிறகு கைப்பிடியைக் கழற்றி, பறவைப் புத்தகத்தோடு என் துணிப்பையில் வைத்துக்கொண்டேன். யாராவது வந்து மூடிவிடக் கூடாது அல்லவா. இல்லாவிட்டால் சேறு வெளிப்படாது.

வாருங்கள், நின்றால் கால் கடுக்கும். வளைவு வரை போகலாம்.

குழு வந்தபோது வெயில் தணிந்திருந்தது. நல்ல மனிதர்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் இருவர், ஒரு பல் டாக்டர், அவர்களோடு கீர்த்தனாவும் அவள் தோழியும். மதகுப் பக்கம் தண்ணீர் இரைந்தது. "தெறந்து உட்டிருக்கறீங்களாம்மா?" என்று டாக்டர் கேட்டார். "ஆமாங்க, பழைய வாய்க்காலுக்கு" என்றேன். பொய் இல்லை. அவர்களை நடத்திக்கொண்டு இந்த வளைவுக்கு வந்தேன்.

அங்கே பாருங்கள், இப்போதும் கொஞ்சம் சேறு தெரிகிறது. அன்று அது நன்றாகவே வெளிவந்திருந்தது, பளபளவென்று, எண்ணெய் தடவியதுபோல. முதலில் நெடுங்கால் உள்ளான்கள் இறங்கின. பிறகு பச்சைக்காலிகள். அப்புறம் எங்கிருந்தோ ஒரு புகைச்சுருள்போல வந்து, திரும்பி, வெள்ளையாக மின்னி, கொசு உள்ளான்கள் கூட்டமாக விழுந்தன. இந்தக் குளத்தில் நான் அவற்றை அதற்கு முன் பார்த்ததில்லை. ஒரு ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். கீர்த்தனா என் கையைப் பிடித்து, "எப்படிங்கம்மா, சொன்ன மாதிரியே வரவெச்சுட்டீங்க" என்று கிசுகிசுத்தாள்.

என் வாழ்க்கையில் அதற்கு இணையான நிமிடம் வேறு இல்லை. கல்யாணத்தைச் சேர்த்துத்தான் சொல்கிறேன். இதற்காக நீங்கள் என்னை வெறுக்கலாம். நான் என்னை வெறுக்கத் தயாராக இல்லை.

சரி, யாரும் கேட்காத அந்தக் கேள்விக்கு வருகிறேன். உள்ளே ஆள் இருப்பது எனக்குத் தெரியுமா?

ராக்கையாவின் மனைவி தமிழ்மதி குடிதண்ணீர் பிடிக்கப் பங்களாக் குழாய்க்கு வருவாள். பனியன் கம்பெனியில், தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங்கில் வேலை. வாய் ஓயாத பெண், எனக்குப் பிடிக்கும். அவளுக்குப் பகல், அவனுக்கு இரவு. வாரத்தில் ஒருநாள்தான் இருவரும் ஒன்றாகச் சாப்பிடுவார்கள். தீபாவளிக்கு முன்னால் ஒருநாள் குடம் நிறையும்வரை பேசிக்கொண்டிருந்தோம்.

"அவுகளை உள்ளாற வச்சுப் பூட்டிட்டுத்தேன் பெரியம்மா வேலைக்குப் போறேன்" என்றாள்.

"ஏங்கண்ணு, புருசனைப் பூட்டி வெக்கறயா?"

"பின்ன? தொறந்து கெடந்தா சீட்டு வெளாட வாங்கண்ணேம்பானுக, சிம்கார்டு வாங்குறீகளாம்பானுக, ஆளுக்கொருக்காத் தட்டுனா ராத்திரி பூரா நின்ன மனுசன் எங்குட்டுத் தூங்குறது? வெளிய பூட்டுத் தொங்குச்சுன்னா ஆளில்லைன்னு போயிருவாக. இங்கன நெறைய பேரு அப்படித்தேன் பெரியம்மா." குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு சிரித்தாள். "கோழியப் பஞ்சாரத்துல கவுத்துற மாதிரி கவுத்திட்டுப் போறேன். சாயங்காலம் வந்து தொறந்துவிட்டா கொக்கரிச்சுக்கிட்டே வருவாக."

நான் சிரித்தேன். நல்ல ஏற்பாடு என்றுகூடச் சொன்னேன்.

ஆகவே, பைனாகுலரில் அந்தப் பூட்டைப் பார்த்தபோது நான் பார்த்தது காலியான அறையை அல்ல. தூங்குகிற ஒருவனை. இது உங்களுக்கு முக்கியம் என்று புரிகிறது. அதோ, நடையை நிறுத்திவிட்டீர்கள். ஆனால் நியாயமாக யோசித்துப் பாருங்கள். பூட்டியது நான் இல்லை. சாவி அவளிடம் இருந்தது. அறை கட்டியது நான் இல்லை, மதில் எழுப்பியது நான் இல்லை. அவன் அழைத்தபோது அவள் எடுக்கவில்லை என்று நீங்கள்தானே சொன்னீர்கள். வேலைக்குப் போனால் போனைக் கம்பெனி வாசலில் கொடுத்துவிட வேண்டும், அதுவும் நான் போட்ட சட்டம் இல்லை. நான் செய்தது, என் வீட்டுப் பெண்கள் காலங்காலமாகச் செய்தது. தண்ணீருக்கு அதன் வழியைக் கொடுத்தேன். பாய் நனையும், எழுந்து உட்காருவான், யாருடைய கைப்பிடி என்று அவனுக்குத் தெரியவரும். அவ்வளவுதான் நினைத்தேன். அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

உள்ளான்கள் இறங்கிச் சிறிது நேரம் கழித்து அந்தச் சத்தம் கேட்டது.

குரல் கேட்கவில்லை. கரை உயரமானது, நடுவில் தண்ணீரின் இரைச்சல் வேறு. தேக்குக் கதவில் விழும் அடி மட்டும் தென்னந்தோப்பில் பட்டு எதிரொலித்து, தோப்புக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. டொக், டொக், டொக். கொஞ்சம் இடைவெளி. மறுபடியும். குழுவில் எல்லோரும் தலையைத் திருப்பினார்கள். நான் திருப்பவில்லை. சிறு வயதில் அந்தக் கதவுகளைத் தட்டி விளையாடியவள் நான், எனக்குத் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை.

"அதென்னங்கம்மா சத்தம்?" என்றார் டாக்டர்.

அந்த இடத்தில் எனக்கு நேரம் இருந்தது, இன்ஸ்பெக்டர் அம்மா. நான் ஓடியிருந்தால் அவர்களும் ஓடிவந்திருப்பார்கள். கைப்பிடி என் பையிலேயே இருந்தது. மதகு அதோ, எவ்வளவு அருகில் இருக்கிறது என்று நீங்களே நடந்து பார்த்துவிட்டீர்கள். ஆனால் ஐந்தாறு பேர் கரையில் ஓடினால் உள்ளான்கள் எழுந்துவிடும். எழுந்தால் அன்றைக்குத் திரும்பி வரா.

"மரங்கொத்திங்க" என்றேன். "பொன்முதுகு மரங்கொத்தி. தென்னையில இருக்குதுங்க."

"இத்தன மெதுவாக் கொத்துமுங்களா?" என்று கேட்டாள் கீர்த்தனா. கவனமுள்ள பெண்.

"பழைய மரம் கண்ணு, உள்ளே பொந்து இருக்கும். மொதல்ல தட்டித் தட்டிக் கேட்டுப் பாக்கும். அப்புறந்தான் கொத்தும்."

எல்லோரும் பைனாகுலரைத் தோப்பின் பக்கம் திருப்பினார்கள். நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். நானும் திருப்பினேன். சத்தம் வேகமாயிற்று, "பாத்தீங்களா, கொத்த ஆரம்பிச்சிருச்சு" என்று ஒரு ஆசிரியர் மெல்லச் சொன்னார். பிறகு ஒழுங்கில்லாமல் வந்தது. பிறகு ஒன்று. நீண்ட நேரம் கழித்து இன்னொன்று.

கவனக்குறைவு என்ற வார்த்தையை அடித்துவிடுங்கள். அந்தக் கரையில் நின்றவர்களில் கடைசித் தட்டல் வரை கேட்டவள் நான் ஒருத்திதான். அது நின்ற பிறகும், இன்னும் ஒன்று வருகிறதா என்று மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தேன். வரவில்லை. பைனாகுலரை இறக்கி அவர்கள் பக்கம் திரும்பினேன்.

"பறந்துருச்சுங்க" என்றேன்.